எந்த நாம்

ஸ்டாக்டன், கலிஃபோர்னியா. எழுபத்தெட்டு, மார்ச்.

செவ்வாய் இரவு சலவைக்கடையில் ஆள் குறைவு.
ஆறாம் எண் உலர்த்தி
சில்லறை போடாமலே சுற்றும்.
அதன் பழுது, எங்கள் பாக்கியம்.
அங்கே கூடியதற்கு
வேறு பெரிய காரணம் ஏதுமில்லை.

நான் ஒனெய்டா. கவுண்டி அலுவலகத்தில் தட்டச்சு.
நிமிடத்துக்கு எழுபது சொல்,
ஒன்றுகூட என்னுடையதில்லை.
அதனால் பேனாவை என் கையில் திணித்தார்கள்.

நகரின் வடபுறத்திலிருந்து ஒரு தாள் வந்திருந்தது.
"பெண்களாகிய நாம்" என்று தொடங்கிற்று.
கீழே கையெழுத்துக்குப் பன்னிரண்டு கோடுகள்.
நல்ல தாள், விரல் வழுக்கும்.

எல்விரா உறையைத் திருப்பிப் பார்த்தாள்.
"தெரிந்த முகவரிதான்.
வெள்ளிக்கிழமைகளில் இந்த வீட்டு ஜன்னல்களைத் துடைக்கிறேன்.
என்னை எலன் என்று கூப்பிடுவாள்.
அவள் வாய்க்கு அதுதான் எளிதாம்."
கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு உலர்த்தியின் சத்தத்துக்கு மேல் சிரித்தோம்.

பெர்பெத்துவா சிரிக்கவில்லை.
மடியில் இரவுப்பணிச் சீருடை.
யாருடைய ரத்தமோ, காய்ந்த ஒரு சொட்டை
நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:
"எங்கள் மொழியில் இந்தக் குழப்பம் வராது.
தாயோ என்றால் நாம். கேட்கிற நீயும் உள்ளே.
கமி என்றால் நாங்கள். நீ அங்கேயே நில்.
இங்கே இரண்டுக்கும் ஒரே சொல்.
சுவரில் ஒரு கதவு தெரிகிறது,
நிஜக் கதவா, வரைந்த கதவா,
முட்டிப் பார்த்தால்தான் தெரியும்."

நான் முட்டிய இடங்களை எண்ணினேன்.

சகோதரர் ரூஃபஸ் மேடையில் "நாம் எழுவோம்" என்றபோது
பின்கட்டில் கோழி பொரித்துக்கொண்டிருந்தேன்.
எண்ணெய் தெறித்த தழும்பு மணிக்கட்டில் இருக்கிறது,
அந்த எழுச்சியில் என் பங்கு.
அடுத்து, பெண்கள் கூட்டம்.
"தாய்மார்களாகிய நாம்" என்றார்கள்.
என் மகன் தெருவில் ஓடினால்
பின்னால் யார் துப்பாக்கி எடுப்பார் என்று கேட்டேன்.
அது வேறொரு கூட்டத்துக்கான கேள்வி என்றார்கள்,
அன்பாகத்தான், கேக் நீட்டியபடி.

ஓரிடத்தில் என் வயிற்றைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள்,
ஓரிடத்தில் என் தோலை.
மழைக்கோட்டா இவை,
வாசலில் மாட்டிவிட்டு உள்ளே போக?

"நாங்கள் என்று எழுது" என்றாள் எல்விரா. "அழுத்தி எழுது."
அழுத்தினேன்.
ஆனால் அந்த மொழியில், அதாவது என் மொழியில்,
அழுத்தினாலும் அதே சொல்தான்.
எனக்கு முந்தியவர்களிடம் வேறென்ன சொல் இருந்ததென்று
கப்பல் கணக்கில் குறிக்கவில்லை.
எடை குறித்திருக்கிறார்கள். பல் குறித்திருக்கிறார்கள்.

அப்போது லெனோர் எழுந்தாள்.
மூன்று மாதமாக வருகிறாள், துணி மடிப்பாள், போவாள்.
"இந்த ஊர் ஆற்றுக்கு
எங்கள் மக்கள் வைத்த பெயரை
உங்களில் யாராவது கேட்டதுண்டா?"

உலர்த்தி சுற்றிக்கொண்டிருந்தது.
அதற்குள் ஒரு பொத்தான் டக் டக்கென்று.

நான் அவள் பெயரைத் தவிர எதையும் கேட்டதில்லை.
வருகைப் பட்டியலில் அதையும்
இருமுறை தப்பாக எழுதியிருக்கிறேன்.

பேனாவை நீட்டினேன். உடனே வாங்கவில்லை.
கையிலிருந்த போர்வையை முழுக்க மடித்து முடித்து,
முனைகளைச் சரிபார்த்துவிட்டு வாங்கினாள்.

அந்த நல்ல தாளில் நாங்கள் கையெழுத்திடவில்லை.
முதல் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டோம்.
பன்னிரண்டு கோடுகளிலும் கேள்விகள்,
நான்கு கையெழுத்தில்.
போதாமல் பின்பக்கத்துக்கும் போயிற்று.
முதல் கோட்டில் ஆற்றின் பெயர்.
எனக்கு அதை இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை,
தினமும் பேருந்தில் முணுமுணுக்கிறேன்.

அஞ்சல்தலை ஒட்டவில்லை.
வெள்ளிக்கிழமை எல்விரா கொண்டுபோவாள்.
அந்த வீட்டின் பின்கதவுச் சாவி
அவளிடம்தான் இருக்கிறது.