ஒத்திகை வகுப்பு, வின்னிபெக்

சீட்டுக் குலுக்கியதில்
எனக்கு விழுந்தது "கேர்ணல்".
ருவந்திக்கு, "காணாமற்போனவனின் தாய்".

மாற்றித் தரலாமா என்றேன்.
பேராசிரியை ஃப்ரீசன் மணிக்கூட்டைப் பார்த்தார்:
இருபது நிமிடம்.

பக்கத்துச் சிற்றாலயத்தில்
மெனோனைட் பிள்ளைகள்
நாலு குரல் பிரித்துப் பாட்டுப் பழகினார்கள்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

வெற்றுத் தாளொன்றைப் படம்போல
நெஞ்சோடு பிடித்து
மாத்தறைக்காரி கேட்டாள்:
"என் பிள்ளை எங்கே?"

"விசாரணை நடக்கிறது" என்றேன்.
யோசிக்கவே இல்லை.
பதினைந்து வருசம்
வவுனியாக் கச்சேரி வாசலில்
சின்னம்மாவுக்குச் சொல்லிச் சொல்லித்
தேய்ந்த வாக்கியம்
என் வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது.
கதிரையில் நிமிர்ந்தும் இருந்தேனாம்;
பிறகு யாரோ சொன்னார்கள்.

அவள் இரண்டாந்தரம் கேட்கவில்லை.
தாளை மடித்தாள்.
மடித்ததை மறுபடி மடித்தாள்.

கொப்பியில் "சமாதானம்" என்று தலைப்பிட்டிருந்தேன்.
எங்கள் பக்கத்தில்
சாட்டுச் சொல்கிறவனையும்
"சமாதானம் சொல்லாதை" என்றுதான் அதட்டுவார்கள்.

பஸ் தரிப்பில்,
சால்வைக்குள்ளிருந்து சொன்னாள்:
அண்ணன் முகமாலையில்.
பெட்டியைத் திறக்க விடவில்லை.

அதற்கு எந்தச் சீட்டிலும்
பதில் எழுதியிருக்கவில்லை.

அவளுடைய பஸ் வந்தது.
என் வழி அல்ல. ஏறினேன்.
இருக்கை இல்லை.
ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்,
கையுறையோடு.