பின்வலச் சில்லு

ஏஜென்சியின் கணக்கில்
ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் நடுவே தெரு இல்லை.
எட்டரைக்கு ஏஜாக்ஸில் ஒருவரைக் குளிப்பாட்டி,
பத்துக்கு ஒஷாவாவில் இன்னொருவருக்குக்
காலுறை மாட்டிவிடும் நான்
இடையில் பறந்து போகிறேன் என்று நினைப்பு.
பறக்கிற கொரோலாவுக்கு
வயது பதினாறு.

அதனால்தான் கொப்பி வைத்திருக்கிறேன்.
நிரப்பிய லீற்றர், ஓடிய கிலோமீற்றர்,
நூறுக்கு எவ்வளவு என்று வகுத்து வரும் எண்.
கார்த்திகையில் எட்டு.
மார்கழியில் எட்டே முக்கால்.
தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள்.
எனக்குப் பிறந்தது ஒன்பதே கால்.

குளிருக்குக் காற்றுச் சுருங்கும், தெரியும்.
எரிபொருள் நிலையத்தில் இரண்டு டொலர் போட்டு
விரல் விறைக்க விறைக்க
நாலு சில்லுக்கும் முப்பத்துமூன்று அடித்தேன்.
காற்று வடிகட்டியைத் திறந்தால்
பஞ்சும் மேப்பிள் விதையுமாய் எலியின் களஞ்சியம்.
அதற்கும் குளிர்காலக் கணக்கு இருந்திருக்கிறது.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அள்ளிக் கொட்டினேன்.
புது வடிகட்டி இருபத்திரண்டு டொலர்.
டிக்கியில் இருந்து
உப்பு மூட்டை இரண்டில் ஒன்று,
ஒரு நாளும் போகாத மீன்பிடிக்குக்
குகநேசன் வாங்கிய தூண்டில் பெட்டி,
யாருக்கோ கொடுக்க வைத்து மறந்த
பன்னிரண்டு சட்டிகள்,
எல்லாம் இறங்கின.
எண் மட்டும் ஏறியது. ஒன்பதரை.

"பழைய வண்டி அக்கா, குடிக்கத்தான் செய்யும்"
என்றான் பத்மசீலன்,
என்ஜின் மூடியைத் திறக்காமலே.
"நீ பிரேக்கில காலை வைச்சுக்கொண்டே ஓடுறாய்"
என்றார் குகநேசன்.
என்னைப் பற்றி அவருக்கு
இருபது வருஷமாய்ச் சேர்ந்த கருத்துகளில்
இதுவும் ஒன்று.

மாசியில் ஒரு செவ்வாய்.
திருமதி ஹால்வர்சனின் நெற்றியைத் தொட்டேன்.
கருவி முப்பத்தேழு என்றது. கை நம்பவில்லை.
மறுபடி வைத்தால் முப்பத்தெட்டே கால்.
மகளுக்குப் போன் எடுத்துச் சொல்லி,
அவள் வந்து சேரும்வரை
இரண்டு கரண்டி ஓட்ஸ் ஊட்டி,
பிந்திப் புறப்பட்டேன்.

அடுத்த வாசலில் காரை நிறுத்திய கையோடு
என்ன தோன்றியதோ,
கையுறையைக் கழற்றினேன்.
முன் இடது: வெதுவெதுப்பு.
முன் வலது: அதே.
பின் இடது: குளிர், விளிம்பெல்லாம் பனிக்கட்டி.
பின் வலது,
கையை இழுத்துக்கொண்டேன்.
அந்தச் சில்லைச் சுற்றி மட்டும்
வெண்பனி உருகித் தார் தெரிந்தது.

காய்ச்சல்காரரை ஏசக் கூடாது.
தெரு உப்பு தின்று துருவேறிய கலிப்பர்
பிடிக்கத் தெரிந்து, விட மறந்திருக்கிறது.
மூன்று மாதமாய்
நெடுஞ்சாலை நானூற்றொன்றில்
நான் முன்னே போக
அது பின்னே இழுக்க
நடுவில் எரிந்தது என் சம்பளம்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"
சில்லைக் கழற்றியபடி பத்மசீலன் கேட்டான்.
"தொட்டு."
இருநூற்றெழுபது டொலர், வரியோடு.
கழற்றிய பழசைக் கேட்டு வாங்கி வந்து
இரவுச் சாப்பாட்டு மேசையில்
அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
தூக்கிப் பாரம் பார்த்தார்.
விரலில் துரு ஒட்டியது.
"என்ன இது?"
"பிரேக்கில இருந்த கால்."

புட்டைப் பிசைந்தார்.
பிறகு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து,
கொப்பியை எடுத்து
முதல் பக்கத்தில் இருந்து வாசித்தார்.
சத்தமில்லாமல். உதடு மட்டும் அசைய.

பங்குனியில் எட்டுக்குக் கொஞ்சம் கீழே.
வாரத்துக்கு ஐந்நூறு கிலோமீற்றர்,
மிச்சம் ஏறக்குறைய எட்டு லீற்றர்.
கலிப்பர் காசு இப்படித் துளித்துளியாய்த்
திரும்பி வந்து சேர ஆடி ஆகும்.
ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம்.
வீட்டில் அம்மி இல்லை.
கொரோலா இருக்கிறது.