பின்னாடி பாத்துக்கலாம்

கொண்டலாம்பட்டி பைபாஸில்
லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே
நாலடி அகலக் கடை முக்தியாருடையது.
வேனை ஒரு சுற்று சுற்றி வந்தார்.
உள்ளே எட்டிப் பார்த்தார்:
மடக்குக் கட்டில், ஒற்றை பர்னர் அடுப்பு,
கொக்கியில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்.
"வீட்டுக்கே கேமரா வெக்கிறீங்க" என்றார்.

பின்கதவில், நம்பர் பிளேட்டுக்கு மேலே
டிரில் இறங்கியது.
சுருள் சுருளாய் வந்தது முதலில் எங்கள் வெள்ளை.
அதற்கடியில் மஞ்சள்.
பள்ளிக்கூட வேன் என்று
விற்றவர் சொல்லவில்லை.
சீட்டுகளைக் கழற்றியபோது தரையிடுக்கில் கிடைத்த
பாதி கடித்த ரப்பருக்கு
இப்போதுதான் விளக்கம் கிடைத்தது.

செங்கோடன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.
ஓட்டுவது நான்.
ஆறு மாதமாய், ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம்
இறங்கிப் பின்னால் போய் நின்று
தகரத்தைத் தட்டித் தட்டி
"வரலாம் வரலாம் வரலாம்... ஹோல்டான்!" என்று
கத்துவது அவர்.
"அப்ப எனக்கு வேலை போச்சு."
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
டார்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.

சிவப்பு வயர் ரிவர்ஸ் விளக்குக்கு,
கறுப்பு சேஸிஸுக்கு.
மஞ்சள் முனை வைத்த நீள வயர் மட்டும்
கூரைத் துணிக்குள் நுழைந்து
கட்டிலைக் கடந்து
மசாலா டப்பாக்களுக்கு மேலாக ஊர்ந்து
டேஷ்போர்டில் தலை நீட்டியது.
முன் கேமரா சுலபம்,
கிரில்லுக்கு நடுவே பொட்டு மாதிரி உட்கார்ந்துவிட்டது.
பின் கேமராவில் இரண்டு சின்ன வளையம் மிச்சம்.
"பச்சைய வெட்டுனா கோடு போயிரும்.
வெள்ளைய வெட்டுனா எடது வலது மாறிரும்.
இப்ப வேணாம், ஓட்டிப் பாருங்க,
பின்னாடி பாத்துக்கலாம்."

எங்கள் வீட்டிலும் அதே வாக்கியம்தான்.
மாடி ஒழுகியபோது,
நான் வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டபோது,
அவருக்கு இசிஜியில்
ஏதோ ஒரு கோடு சரியில்லை என்றபோது.

அடிவாரம் தாண்டி ஏறினோம். மழை விட்ட மதியம்.
முன் என்றால் எதிரே. முன் என்றால் போன காலமும்.
பின் என்றால் முதுகுப்பக்கம்.
பின் என்றால் இனி வரப்போவதும்.
அப்படியானால் இந்த மொழி பேசுகிறவர்கள் எல்லாரும்
போனதைப் பார்த்தபடி
வருவதற்குள் ரிவர்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம்
என்று தோன்றியது பதினோராவது வளைவில்.
பன்னிரண்டில் மறந்துவிட்டது.
மிளகுக்கொடி, சில்வர் ஓக், பலாப்பழ வண்டி.

பதினாலில் பஸ் இறங்கி வந்தது.
ஏறுகிற வண்டிக்குத்தான் வழி.
அது டிரைவருக்குத் தெரியும்,
பஸ்ஸின் மூக்குக்குத் தெரியவில்லை.
ரிவர்ஸ் போட்டேன். திரை விழித்தது.
பச்சைக்கோடு, மஞ்சள்கோடு, சிவப்புக்கோடு,
தடுப்புச் சுவர், சுவர் மேல் ஒரு குரங்கு,
குரங்குக்கு அப்பால் ஒன்றுமில்லை,
அந்த ஒன்றுமில்லாததற்குக் கீழே
வெள்ளைக்கல் குவாரியும் சேலமும்.

பக்கத்துக் கதவு திறந்து மூடியது.
"கேமரா இருக்கில்ல!" என்றேன், காலி சீட்டிடம்.

திரைக்குள் ஓடி வந்தார்,
தலை பெருத்து, கால் குறுகி.
வாட்ச் கட்டிய இடக்கை
வலப்பக்கம் நின்று வா வா என்றது.
ஆறு மாதமாய்க் குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.
அதட்டுகிற, நல்ல தெம்பான குரல்.
கத்தும்போது அந்த முகம் இவ்வளவு பயப்படும் என்று
குரல் ஒருநாளும் சொன்னதில்லை.
சுவருக்கும் வேனுக்கும் நடுவே,
சிவப்புக் கோட்டுக்கு உள்ளே நின்றார்.

திரையை விட்டுவிட்டேன்.
தட்டுவதைக் கேட்டு ஓட்டினேன்.
தட். தட். தட்.
ஹோல்டான்.

பஸ் உரசாமல் போனது.
மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார்.
"நல்லாத் தெரியுதா?"
"மாறித் தெரியுது. எடது வலதா."
"சரி, பின்னாடி..." என்று ஆரம்பித்தவர்
என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கியர் மாற்றினேன். திரை அணைந்தது.
இன்னும் ஆறு வளைவு.