எண் இல்லாத தாள்

டிரெஸ்டன் அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடியில்
பூச்சிமருந்து மணக்கும் அலமாரிகளுக்கிடையே
செத்த செடிகளுக்கு எண் போடுவது என் வேலை.
இந்தக் குளிர்காலம் எனக்கு வாய்த்தவர்
போதகர் ட்ரௌகாட் மெல்ஹோஸ்.
லாப்ரடார் கடற்கரையில் பத்தொன்பது ஆண்டுகள்,
பதினொரு மரப்பெட்டிகள்.

அங்கே காகிதத்துக்குப் பஞ்சம்.
கப்பல் வருவது வருடத்துக்கு ஒருமுறை.
அதனால் பாசியும் புல்லும் படுத்திருப்பது
அவர் மிஷனுக்கு எழுதி, அனுப்பாமல் விட்ட
அறிக்கைகளின் மேல்.

“இவ்வாண்டு ஞானஸ்நானம் பெற்றோர் இருவர்.
ஒருவர் திரும்பிப் போய்விட்டார்.”

அந்த வரிக்குக் குறுக்காக
ஒரு சாண் வில்லோ, வேரோடு, முழுசாக.
மரம்தான் அது. என் பாட்டனைவிட மூத்ததாக இருக்கலாம்.
நிமிர்ந்தே நடப்பவன் அந்தக் காட்டை மிதித்துக் கடந்துவிட்டு
மரமே இல்லாத நாடு என்று கடிதம் எழுதுவான்.

இவர் குனிந்தார்.
மண்டியிட்டார், ஜெபத்துக்கு அல்லாமலும்.
முழங்காலில் நடப்பவன் என்று பேர் வைத்தார்கள் இனூயிட்டுகள்.
நிவியாக் என்றொருத்தி, கடல்நாய்த் தோல் தைப்பவள்,
கேட்டாளாம்:
உங்கள் கடவுள் மேலே இருக்கிறார் என்கிறீர்களே,
கீழே எதைத் தொலைத்தார்?
ஒரு பாசியின் ஓரத்தில் பென்சிலால்
கேள்வியை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.

இலத்தீன் பெயருக்குக் கீழே அவள் சொன்ன பெயர்கள்,
அடித்து, திருத்தி, மறுபடி அடித்து.
எதைத் தின்னலாம், எது பல்வலிக்கு,
எதைத் தின்றால் நாய்கூடக் கக்கும்.

இருநூற்றுப் பன்னிரண்டைக் காணோம்.
உறைக்குள் ஒரு சீட்டு மட்டும்:
“பஞ்சுப்புல். அடுப்பருகே காயப் போட்டிருந்தேன்.
இரவு புயல். நிவியாக்கின் மகளுக்கு இடுப்புவலி.
விளக்குக்குத் திரி வேண்டுமென்று எடுத்துப் போனாள்.
என்னைக் கேட்கவில்லை.
விடிகையில் ஆண் குழந்தை.
மாதிரி எரிந்துவிட்டது. நல்ல வெளிச்சம்.”

பதிவேட்டில், சேதம் என்ற கட்டத்தில்,
தீ என்று எழுதினேன்.
அதற்கு மேல் எழுத அங்கே இடமில்லை.

ஒன்பதாம் பெட்டியில் வெறும் தாள்.
செடி விழுந்து தொலைந்ததோ என்று
பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன்.
மணல், ஒரு வண்டின் சிறகு.
பசை தடவிய தடம்கூடத் தாளில் இல்லை.
கீழ் மூலையில் அவருடைய எழுத்து,
முதல்முறையாகக் கோணல் இல்லாமல்:

“மஞ்சள் ஆர்னிக்கா. எட்டு ஆண்டு தேடினேன்.
ஜூலை 14. ரொசீனாவின் தலைமாட்டில், மூன்று தண்டு.
வேர் எதற்குள் இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.
பறிக்கவில்லை.”

ரொசீனா யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை.
நான்கு பெட்டிகளுக்கு முன்பு
ஒரு கோரைப்புல்லின் அடியில் படித்திருந்தேன்:
“குழி வெட்ட இரண்டு நாள்.
முழ ஆழத்துக்குக் கீழே நிலம் இரும்பு.
ஆமோஸும் அவன் தம்பியும் நெருப்பு மூட்டி
மண்ணை இளக்கினார்கள்.
பெட்டி சிறியது என்பதால் போதும் என்றார்கள்.
போதுமாக இருந்தது.”

வெறும் தாளுக்கு எண் உண்டா என்று
மேலாளர் வீஸ்னர் அம்மாளிடம் கேட்டேன்.
மாதிரி இல்லையென்றால் எண் இல்லை என்றார்.
சரியான விதிதான்.
இடம் எழுதினேன், தேதி எழுதினேன்.
குடும்பம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.

அடுத்தது ஒரு கற்பாசி.
அதன் அடியிலும் கிழிந்த அறிக்கை:
“இவ்வாண்டு ஒருவரும் இல்லை.”
எதற்கு என்று சொல்லும் வரி
கற்பாசிக்குள் ஒட்டிப் போயிருக்கிறது.
சுரண்டினால் வரும்.
விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.
இருநூற்று எழுபத்தாறு.