குழாய்ப் பழுது

பகலில் நான் காது பார்க்கிறவள்.
சத்தம் புகாத அறைக்குள் ஆளை உட்காரவைத்து,
'கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்' என்பேன்.
கேட்காதபோதும் அழுத்துவார்கள் சிலர்,
தோற்க மனமில்லாமல்.
எட்டு மணிநேரம் இந்த விளையாட்டு.
கூடுதல் உயிர் யாருக்கும் கிடையாது.

இரவில் ஈசூன். பன்னிரண்டாம் மாடி.
துணி உலர்த்தும் மூங்கில் கழிகளுக்கும்
அரிசி டப்பாவுக்கும் நடுவே
இடுப்புயர ஒலிபெருக்கி,
இன்னும் ஒன்பது தவணை பாக்கி.

சுங்கை ரோடு சந்தை மூடுவதற்கு முந்தின வாரம்
எட்டு வெள்ளிக்கு வாங்கிய
கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று உண்டு.
இரண்டு பொத்தான்கள் வேலை செய்யாது.
பேட்டரி சாகிற நேரத்தில்
நாணயம் விழும் ஓசை அரைச் சுரம் இறங்கி
வயிற்றுவலிக்காரன் முனகலாய் இழுபடும்.
அந்த முனகலுக்காகவே
தீர்ந்த பேட்டரிகளைச் சேர்த்துவைக்கிறேன்.

பொட்டலம் கொண்டுபோகும் வேனை நிறுத்திவிட்டு
சாக்ஸபோனோடு வருவான் ரிட்சுவான்.
தாளம் அழைக்கும் இடத்தில் வரவே மாட்டான்.
எப்போது நுழைவாய் என்றால்
'நந்தி, நந்தி' என்பான்.
மலாயில் அதற்குப் 'பிறகு' என்று அர்த்தமாம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
வழியை மறித்துப் படுத்திருக்கும் காளை.

ஏழு தடங்கள் முடிந்தன.
எட்டாவதில் இரண்டு மாதம் சிக்கிக்கிடந்தோம்.
அடியில் முப்பத்தெட்டு ஹெர்ட்ஸ்,
அதன்மேல் அவன் மூச்சு,
அதற்கும் மேல் நாணயம், நாணயம், நாணயம்.
கடைசி அரக்கனின் அறைக்குள்
எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்ததுபோல.

அப்போதுதான் கதவு தட்டினார்
கீழ்வீட்டு குவேக்.
கையில் டார்ச் விளக்கு.
'உன் வீட்டிலும் குழாய் இப்படி அடித்துக்கொள்கிறதா?
நகர மன்றத்திலிருந்து இரண்டு தடவை வந்தார்கள்,
சுவரைத் தட்டிப் பார்த்தார்கள்,
ஒன்றுமில்லை என்று போய்விட்டார்கள்.'

ரிட்சுவான் தன் காலுறையைப் பார்த்தான்.
'குழாய் இல்லை, அங்கிள். நான்தான்.'

அவர் திட்டவில்லை.
'வந்து கேள்' என்றார்.

பதினொன்றாம் மாடி.
மீன்தொட்டி, நாள்காட்டி,
கூடத்தின் நடுவே, எதற்கும் இருக்கட்டும் என்று
ஒரு சிவப்பு வாளி.
மேலே ரிட்சுவான் எட்டாவதை ஓடவிட்டான்.

சாக்ஸபோன் வரவில்லை.
நாணயங்களில் ஒன்றுகூட இறங்கவில்லை.
இரண்டு மாத உழைப்பைத் தளம் குடித்துவிட்டு
அடியொலியை மட்டும் விட்டது:
படுக்க இடம் தேடி
தலைக்குமேல் மெல்ல உலாத்தும் காளை.
தொட்டி நீரில் வட்டம்மேல் வட்டம்.
மீன்கள் பழகிப்போயிருந்தன.

பிறகு, அலமாரியில்,
வரிசையாய் நின்ற பீங்கான் கோப்பைகளில் ஒன்று,
ஒன்றே ஒன்று,
நாலாவது அடி போய்
கொஞ்சம் தாமதித்து
'கிண்' என்றது.

என் கட்டைவிரல்
தானாகத் தொடையை அழுத்தியது.

'இப்போது நிற்கும் பார்' என்றார் குவேக்.
நின்றது.
'மூச்சு விடுகிற நேரம். மறுபடி வரும்.'
வந்தது.
வெளிவராத எங்கள் ஆல்பத்தை
மனப்பாடமாய் வைத்திருந்த ஒரே மனிதர்
வாளியைக் காலால் கொஞ்சம் நகர்த்தினார்,
ஒழுகினால் இங்கேதான் ஒழுகும் என்று.

அவன் வாசித்ததை எடுத்துவிடலாம் என்றேன்.
ரிட்சுவான் மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள் ஒலிவாங்கியோடு
நேராகப் பதினொன்றுக்கே போய்
கோப்பைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டான்.
அது சொல்லி முடித்தபின்
நாணல் அதிராமல்
ஒரே ஒரு காற்று ஊதினான்.

எட்டாவது தடத்தில் இப்போது
அவ்வளவுதான் இருக்கிறது.
மீன்தொட்டியின் மோட்டாரும் கொஞ்சம்.
நாணயங்களை எடுத்துவிட்டேன்,
ஒன்றைத் தவிர. அதுவும் செத்துக்கொண்டிருப்பது.

குவேக்கின் நிபந்தனை ஒன்று:
பத்து மணிக்குமேல் கூடாது.
வாளியை அவர் இன்னும் எடுக்கவில்லை.
இவ்வளவு நாள் அடித்துக்கொண்டது,
என்கிறார்,
இனிமேல் ஒழுகலாம்.