தேயாத நாகம்

உலர்துறையில் நீர் வடிந்து முடிய
கப்பலின் அடிவயிறு தெரிந்தது.
சிப்பி, பாசி, சுற்றிக்கொண்ட நைலோன் கயிறு.
வரிசையாய்ப் பதித்த நாகக் கட்டிகள்
நேற்று வார்த்தவை போல, மூலை மழுங்காமல்.

"புதுசு போலக் கிடக்கு, மாத்தத் தேவையில்ல"
என்றார் போமன் லயனல், தன் கொச்சைத் தமிழில்.
நான் பக்கத்துத் தகட்டைச் சுத்தியலால் தட்டினேன்.
சத்தம் சரியில்லை.
மறுபடி தட்ட, துரு பாளமாய்க் கழன்று
சப்பாத்தில் விழுந்தது.

இரசாயனவியலில் இரண்டு தரம் கோட்டை விட்டவன் நான்.
பம்பலப்பிட்டி மண்டபத்தில்
"ஒட்சியேற்றியை இனங்காண்க" என்ற கேள்விக்கு
ஒட்சியேறியதை எழுதி, அடிக்கோடும் கீறினேன்.
பெயர் அப்படி ஏய்க்கிறது:
ஒட்சியேற்றி தான் தாழும்,
தாழ்த்தி தான் ஏறும்.
அடுத்தவனுக்குச் செய்ததைத்தான்
பெயராய்ச் சுமக்கிறார்கள் இருவரும்.

இப்போது எனக்குத் தராசு போதும்.
பதினொரு கிலோவாய்ப் போன கட்டி
நாலு கிலோவாய் வந்தால்
இலத்திரன் கொடுத்தது அதுதான்.
பூச்சியத்திலிருந்து சக இரண்டுக்கு ஏறி
உப்புநீரோடு போய்விட்டது.
பெயர் நாகம்; கடிப்பதில்லை,
கடிபடுவதுதான் அதற்கு வேலை.
வாங்கியது கடலில் கரைந்திருந்த ஒட்சிசன்.
அதை எந்தத் தராசிலும் நான் கண்டதில்லை.
இரும்பு நடுவில் நின்ற வழி,
அவ்வளவுதான்.

இந்தக் கப்பலில் கணக்குப் பிழைத்தது.
கத்தியால் ஒரு கட்டியைச் சுரண்டினேன்.
சாம்பல் உலோகத்துக்கு முன் சிவப்பு வந்தது.
பெயின்ற்.
எங்கோ ஒரு துறைமுகத்தில் ஒரு நல்ல மனிதன்
அழகாயிருக்கட்டும் என்று
கட்டிகளுக்கும் சேர்த்து உருளையை ஓட்டியிருக்கிறான்.

அதற்காகக் கடல் கேட்பதை நிறுத்தவில்லை.
நாகத்தின் வாய் அடைபட்டுக் கிடக்க,
பூச்சு உரிந்த இடமெல்லாம்
இரும்பே கொடுத்தது,
சொந்தத் தகட்டிலிருந்து
நான்கு மில்லிமீற்றர்.

லயனல் விளக்கைக் கிட்டப் பிடித்தார்.
குழிகளை எண்ணத் தொடங்கி
இருபதுக்குப் பிறகு விட்டுவிட்டார்.
படிவத்தில் "காரணம்" என்ற பெட்டி
தீப்பெட்டி அளவுதான்.
"நாகம் தேயவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பகல் சோற்றுப் பார்சலைப் பிரிக்கையில்
கந்தோரிலிருந்து ஷர்மிளா போன் எடுத்தாள்:
"தேயாட்டி நல்லதுதானே அண்ணன்?
இதில என்ன குறை?"

விரலிடுக்கில் துரு இன்னும் போகவில்லை.
கீழே இறங்கி வாரும், என்றேன்,
சுத்தியல் ஒன்று தருகிறேன்.