திறக்க மட்டும்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சஸ்கடூனில் கார்களெல்லாம்
மூக்கில் மின்வயர் மாட்டிக்கொண்டு தூங்குகின்றன.
நான் ஆயிரத்து நாற்பத்திரண்டு எண்களை
ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

பை என்ற எண்ணின் வாலிலிருந்து வெட்டியவை.
சட்டைக்குள் ஒன்றுமில்லை என்று
முழங்கை வரை சுருட்டிக் காட்டும் வித்தைக்காரன் போல
இதைச் செய்தவர் அங்கிருந்து எடுத்திருக்கிறார்.
நல்லது.
ஆனாலும் ஓர் இலக்கம் பிசகினால்
பை வந்து என்னைக் காப்பாற்றப் போவதில்லை.

பெயர் ப்ளோஃபிஷ்.
தூத்துக்குடியில் பேத்தை என்போம்.
வலையில் ஏறினால் வயிற்றை ஊதிக்கொண்டு முறைக்கும்;
தூக்கிக் கடலிலேயே எறிந்துவிடுவார்கள்.
எங்கள் குறியாக்க நூலகமும் எறிந்தது,
இரண்டு பதிப்புக்கு முன்பு.

"மறுபடி ஏன்?" என்றாள் மார்ட்டா,
என் ஒவ்வொரு வரியையும் சலித்துப் பார்ப்பவள்.
"எட்டு பைட்டு அகலம். சில பத்து கிகாபைட்டு போனால்
ஒரே துண்டு இரண்டு தடவை வந்து
காட்டிக்கொடுத்துவிடும்."
தெரியும்.
ஆனால் டோரீன் கோவல்சுக்கிடம் ஆறு நாடாக்கள் இருக்கின்றன.
தானியக் கிடங்கின் எடைச் சீட்டுகள், 1998.
பூட்டியவன் சாவியை ஒட்டுத்தாளில் எழுதி
மேசை இழுப்பறைக்குள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான்.
சாவி இருக்கிறது.
பூட்டைத்தான் யாரும் வைத்திருக்கவில்லை.

முதல் சோதனை தோல்வி.
இரண்டாவதில் வேறு குப்பை.
பதினாறு சுற்றையும் காகிதத்தில் நடந்து பார்த்தேன்:
இடப்பாதி வலப்பாதியைக் குலைத்து,
இடம் மாறி, மறுபடி குலைத்து,
கடைசி இடமாற்றத்தை மட்டும் திருப்பி வைத்து.
எல்லாம் சரி. விடை தப்பு.

மூன்றாம் இரவு
கடைக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தேன்.
கொத்தமல்லி.
வாய் ககரத்தைத் தொடும் முன்பே
கை கொம்பைப் போட்டுவிட்டது.
சொல்லும்போது பின்னால் வருவது
எழுதும்போது முன்னால் நிற்கிறது;
ஐந்து வயதிலிருந்து இதைச் செய்கிறேன்,
ஒரு நாளும் இடறியதில்லை.

பேனாவை வைத்தேன்.
சின்ன பைட்டு முதலில் என்கிறது என் கணினி.
பெரியது முதலில் என்கிறது மீன்.
திருத்தியது ஒரே வரி.
பூஜ்யச் சாவி, பூஜ்ய உரை;
வர வேண்டிய எட்டும் வரிசையாக வந்தன.
கொத்தமல்லி வாங்க மறந்துபோனேன்.

மார்ட்டா ஒரு நிபந்தனை வைத்தாள்:
திறக்க மட்டும். புதிதாக எவரும்
இதை வைத்து எதையும் பூட்டக் கூடாது.
ஒரு வேடிக்கை, சாவியை விரிக்கவே இந்த மீன்
ஐந்நூற்று இருபத்தொரு முறை தன்னையே பூட்டிப் பார்க்கும்.
ஆகவே பூட்டும் கை உள்ளேதான் இருக்கிறது.
வாசலில் அதன் பெயரை எடுத்துவிட்டேன்.
கூப்பிட்டால் ஒரு பிழை எண் எட்டிப் பார்க்கும், அவ்வளவே.

வியாழன் காலை டோரீன் வந்தாள், பூட்ஸிலிருந்து பனி உதிர.
திரையில் சீட்டுகள் ஏறின.
டூரம் கோதுமை, பதினொன்று புள்ளி நான்கு டன்,
ஈரம் பதினான்கு புள்ளி எட்டு.
டூரம். டூரம். கடுகு.
"அந்த வருஷம் நல்ல விளைச்சல்," என்றாள்.
நாலாவது நாடாவில், கோவல்சுக் என்ற பெயருக்கு நேரே,
குறிப்புப் பத்தியில்:
காசோலை அண்ணன் கைக்குப் போகக் கூடாது.
கேட்டால் இன்னும் வரவில்லை என்று சொல்லவும்.

கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.
எந்தக் கோவல்சுக் என்று நான் கேட்கவில்லை.
எந்த அண்ணன் என்றும்.

"இந்த ஒன்றை மட்டும்
திரும்பப் பூட்ட முடியுமா?"

ஐந்நூற்று இருபத்தொரு பூட்டும்
சற்று முன்புதான் உள்ளே ஓடி முடிந்திருந்தன.
"திறக்க மட்டும்தான்," என்றேன்.
கீழே யாரோ
தன் காரின் மூக்கிலிருந்து வயரைப் பிடுங்கினார்.